சொல்ல நிறைய இருக்கிறது, எழுத வரவில்லை: உங்கள் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது?

இந்த ஆண்டு மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கடலூரில் மருத்துவர். தம்மிடம் வரும் நோயாளிகளுக்காக நீரிழிவு பற்றி எளிய புத்தகம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்றாமவர் புதுச்சேரியில் ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) வீட்டு மருமகள். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அல்ஜீரியாவைப் பார்த்தவர். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவர் கதையைப் புத்தகமாக்கிவிட வேண்டும் என்று தவிக்கிறார். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "எழுதித் தருவதற்கு ஆள் வைக்கலாமா? எவ்வளவு ஆகும்?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் தொழில். என் பெயர் வராமல் மூன்று புத்தகங்களை எழுதியும் கொடுத்திருக்கிறேன். அதனால் கொடுப்பவரின் கவலையும் தெரியும், எழுதுபவரின் கஷ்டமும் தெரியும். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

குரல், நேரம், பணம், உரிமை, உண்மை. இந்த ஐந்தையும் வைத்துத்தான் நான் பார்ப்பேன். இவற்றில் முதலாவதுதான் பெரியது. பலர் கணக்கிலேயே எடுக்காததும் அதுதான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் வாழ்க்கையை ஒருவரிடம் எழுதக் கொடுத்தார். எழுதி முடித்த பிரதி செம்மையாக்கத்துக்காக என்னிடம் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த அத்தியாயம் இப்படித் தொடங்கியது: "இயற்கை அன்னை தன் கோரத் தாண்டவத்தை அரங்கேற்றிய அந்தக் கொடிய விடியலில்..." ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். பேரனின் கைப்பேசியில் இருந்தது. அதில் பெரியவர் சொல்லியிருந்தது இது: "விடிந்ததும் தோப்புக்குப் போனேன். விழுந்த மரங்களை எண்ணவில்லை. நிற்கிற மரங்களைத்தான் எண்ணினேன். பதினொன்று." அதற்குப் பிறகு சற்று நேரம் பேச்சே இல்லை. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

அந்த நான்கு வாக்கியங்களையும் தூக்கி எறிந்துவிட்டு, எந்தப் புயலுக்கும் பொருந்துகிற ஒரு வரியை வைத்திருந்தார் எழுதியவர். பெரியவர் அதற்குப் பணமும் கொடுத்திருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, "இதில் அந்தப் பதினொன்று தப்பிக்குமா?" என்பதுதான்.

மற்றவை எளிது. நேரம் என்பது உங்கள் நேரம். யாரிடம் கொடுத்தாலும் உங்கள் மணிநேரங்கள் செலவாகும். பணம் என்பது முதலில் சொல்லும் தொகை அல்ல, கடைசியில் கையை விட்டுப் போன தொகை. உரிமை என்பது மறுபதிப்பு வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பது. உண்மை என்பது ஆண்டும் ஊரும் பெயரும் சரியாக இருப்பது.

## வழி 1: நீங்களே எழுதிச் செம்மையாக்குபவரிடம் கொடுப்பது

"எனக்கு எழுத வராது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு எழுத வரும். அவர்கள் பயப்படுவது எழுத்துப் பிழைக்கும் நடைக்கும்தான். நம் ஊர்க்காரர் ஆனந்தரங்கப் பிள்ளை எழுத்தாளர் இல்லை. வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். இலக்கணத் தமிழில் அல்ல; துறைமுகத்திலும் கிடங்கிலும் புழங்கிய தமிழில். அதனால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரி இன்றும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

நெய்வேலிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஷிஃப்ட் நாட்குறிப்புகள் இருபதுக்கு மேல் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "இரவு ஷிஃப்ட். பம்பு நின்றது. மூன்று மணிக்கு ஓடியது. கைகளில் உணர்ச்சியில்லை." இதற்கு மேல் ஒருவர் என்ன எழுதித் தரப் போகிறார்? ஆள் வைக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவருக்குத் தேவை வரிசைப்படுத்தி, கூறியது கூறலை வெட்டி, பிழை திருத்தித் தரும் ஒருவர் மட்டுமே.

செலவு மிகக் குறைவான வழி இதுதான். பதிப்புரிமையிலும் குழப்பம் இல்லை. எழுதியவர் நீங்கள், உரிமையும் உங்களுடையது. மறைந்திருக்கும் செலவு காலம். நாளைக்கு ஒரு பக்கம் என்று தொடங்குபவர்கள் நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எடுப்பார்கள். இன்னொன்று, செம்மையாக்கம் வேறு, பிழைதிருத்தம் வேறு. பிழைதிருத்துபவர் ஒற்றுமிகும் இடத்தைப் பார்ப்பார். எந்த அத்தியாயம் வேண்டாம் என்று சொல்வது செம்மையாக்குபவரின் வேலை. இரண்டுக்கும் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

## வழி 2: நீங்கள் சொல்ல, கேட்டு எழுதுபவர்

இதில் நூலாசிரியராக உங்கள் பெயர் இருக்கும். உள்ளே "எழுத்தாக்கம்" என்றோ "கேட்டு எழுதியவர்" என்றோ மற்றவர் பெயரும் இருக்கும். வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்வதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர் என்பது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. வாய்மொழியைக் கேட்டு அதன் மணம் போகாமல் எழுத்தில் இறக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு, புதுச்சேரியில் வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளே சான்று.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம் ஒன்றுதான்: பெயர் போடும்போது எழுதுபவருக்குக் கூச்சம் வரும். தம் பெயர் உள்ள புத்தகத்தில் "கோரத் தாண்டவம்" எழுதக் கை வராது. உண்மையைச் சரிபார்க்கவும் அதே கூச்சம் வேலை செய்யும்.

சொல்தா வீட்டுப் பெரியவரின் கதையை எடுத்துக்கொள்வோம். "கொடி இறங்கிய வருஷம்தான் அங்கே சண்டை" என்கிறார். எந்த வருஷம்? புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியதும் அதே 1954 நவம்பர் 1. அந்தப் போர் ஓய்ந்து அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962 ஜூலையில். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று. பெரியவரின் நினைவில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துகிடப்பதில் வியப்பில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர் அந்த இடத்தில் நிறுத்தி, "ஐயா, அப்போது உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?" என்று கேட்க வேண்டும். ஆண்டு தானாக வெளியே வரும். இந்தப் பொறுமை உள்ளவர்தான் வேண்டும். தமிழ் நன்றாக எழுதத் தெரிவது அதற்கு அடுத்துத்தான்.

மறைந்திருக்கும் செலவு: ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. என் அனுபவத்தில், ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. கைப்பேசியே பேச்சை எழுத்தாக்கித் தருகிறதே என்பார்கள். தருகிறது, ஆனால் முந்திரித் தோப்புக்காரரின் வட்டாரப் பேச்சிலும் சொல்தா வீட்டு பிரெஞ்சுச் சொற்களிலும் தடுமாறிவிடுகிறது. முதல் வரைவுக்கு வைத்துக்கொண்டு, ஒலியைக் கேட்டபடியே ஒருவர் திருத்த வேண்டும். வீட்டில் பொறுமையான பேத்தி ஒருத்தி இருந்தால் பெரிய செலவு மிச்சம். பழைய கடிதங்கள் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செலவு தனி.

## வழி 3: பெயர் வராமல் எழுதித் தரும் நிழல் எழுத்தாளர்

மருத்துவருக்கு இதைத்தான் சொன்னேன். அவரிடம் குறிப்புகள் இருக்கின்றன, நோயாளிகளிடம் பேசிய பேச்சு இருக்கிறது, நேரம்தான் இல்லை. நீரிழிவுப் புத்தகத்தை வாங்குபவர் அதில் மருத்துவரின் வாழ்க்கையைத் தேடப் போவதில்லை, தெளிவைத் தேடுவார். குரல் கொஞ்சம் மாறினாலும் நஷ்டமில்லை. ஆனால் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அளவையும் மருத்துவரே வரிவரியாகப் பார்த்தாக வேண்டும். அதை எழுதுபவரின் தலையில் கட்டக் கூடாது.

இனி பணம். நானே போட்டுப் பார்த்த கணக்கு இது. டெமி அளவில் 200 பக்கம் என்றால் சுமார் 40,000 சொற்கள். பேட்டிக்கு 20 மணி நேரம், அதை எழுத்தாக்க 110 மணி நேரம், மணிக்கு 400 சொல் வீதம் எழுத 100 மணி நேரம், திருத்தி மறுபடி எழுத 50 மணி நேரம். மொத்தம் 280 மணி நேரம். மணிக்கு 150 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும் 42,000 ரூபாய் ஆகிறது. தேர்ந்தவர்கள் இதைப் போல் பல மடங்கு கேட்பார்கள், அது நியாயமும்கூட. "முழுப் புத்தகமும் பதினைந்தாயிரம்" என்று ஒருவர் சொன்னால், இந்த 280 மணி நேரத்தில் எதை விடப் போகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேட்டியைத்தான் விடுவார்கள். இப்போது கணினியே எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. அதில் எழுதுவாரா, எழுதினால் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிழல் எழுத்தாளர் வேலையில் யாரும் சொல்லாத சிக்கல் உரிமையில் இருக்கிறது. பணம் கொடுத்தால் எழுத்து நம்முடையது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் கதை வேறு. தனியாகத் தொழில் செய்பவரிடம் எழுதி வாங்கினால், உரிமையை அவர் உங்களுக்கு எழுத்தில் மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய அது காலாவதியாகிவிடும். "முழுப் பதிப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டாலும் செல்லும்" என்ற ஒரு வரி இத்தனைக்கும் மருந்து. பதிப்புரிமைக் காலம் என்பது எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும்.

உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், இதை எழுதியது நான்தான் என்று கோரும் தனி உரிமை எழுதியவருக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கோரமாட்டேன் என்றும், விவரங்களை வெளியே சொல்லமாட்டேன் என்றும் தனி வரிகளாக எழுதி வாங்குவது வழக்கம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

## வழி 4: எழுதி, அச்சிட்டு, விழாவும் நடத்தித் தரும் நிறுவனம்

ஒரே இடத்தில் எல்லாம் முடியும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குள் புத்தகம் வேண்டும் என்று நினைத்தால் இதுதான் வசதி. நாள் தவறாது என்பது இதன் பெரிய பலம். தனிநபர்களிடம் அது அரிது.

ஆனால் உங்களிடம் பேச வருபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். எழுதுபவரைக் கண்ணால் பார்க்காமலே புத்தகம் முடிந்துவிடும். பதினொன்று மரங்கள் தப்பிப்பது கடினம். சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் மேலே வரும். ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண்ணுக்கென்று தனிக் கட்டணம் எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள். அந்த எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது. குறைந்தது 500 பிரதி அச்சிட வேண்டும் என்பார்கள். இன்றைய அச்சு வசதியில் 50 பிரதி மட்டுமே போடவும் முடியும். வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் புத்தகத்தைப் பார்க்கும் துயரம் உங்களுக்கு வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இப்படி ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார். புத்தகம் நன்றாகவே வந்தது. இரண்டாம் பதிப்பில் ஒரு தவறான பெயரைத் திருத்தலாம் என்று கேட்டபோதுதான், பக்க வடிவமைப்புக் கோப்பு அவருக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தது. மறுபடி முழுத் தொகையும் கட்டச் சொன்னார்கள். கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு டிடிபி கடையில் புத்தகம் முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்தோம். திறக்கக்கூடிய வடிவமைப்புக் கோப்பும் அட்டைப்படக் கோப்பும் கைக்கு வரும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

## ஒரு பார்வையில்

| | நீங்களே + செம்மையாக்கம் | கேட்டு எழுதுபவர் | நிழல் எழுத்தாளர் | நிறுவனம் |
|---|---|---|---|---|
| உங்கள் குரல் | முழுதும் இருக்கும் | நல்லவர் கிடைத்தால் இருக்கும் | மாறக்கூடும் | பெரும்பாலும் மாறும் |
| உங்கள் நேரம் | மிக அதிகம் | பேட்டியும் வாசிப்பும் | பேட்டியும் சரிபார்ப்பும் | குறைவு |
| பணம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| உரிமைச் சிக்கல் | இல்லை | எழுதி வாங்க வேண்டும் | கட்டாயம் எழுதி வாங்க வேண்டும் | ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும் |
| யாருக்கு | குறிப்பு வைத்திருப்பவர் | பேசத் தெரிந்த முதியவர் | நேரமில்லாத துறை வல்லுநர் | நாள் குறித்துவிட்ட குடும்பம் |

எந்த வழியானாலும் அட்டையில் உங்கள் பெயர் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பங்காளிச் சண்டையையோ மேலதிகாரி செய்த கொடுமையையோ எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

## ஆளை எங்கே தேடுவது, எப்படிச் சோதிப்பது

விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று தன்வரலாறுகளை எடுத்து, உள்ளே உரிமைப் பக்கத்தையும் நன்றியுரையையும் படியுங்கள். "எழுத்தாக்கம்", "தொகுப்பு" என்று இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டு பதிப்பகத்தில் விசாரியுங்கள். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் அரங்குக்காரர்களிடம் பேசினால் ஒரே நாளில் நான்கைந்து பெயர் கிடைத்துவிடும். செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரியிலும் தமிழில் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆகியோரையும் பாருங்கள். ஆய்வு மாணவர்களில் நாட்டுப்புறவியல் படிப்பவர்களுக்குக் களத்தில் உட்கார்ந்து கேட்டுப் பழக்கம் இருக்கும். கடலூர்க்காரருக்குப் புதுச்சேரியில் ஆள் கிடைத்தாலும் தூரம் ஒரு பொருட்டல்ல. பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, இருவருக்கும் ஒரே அரை மணி நேர ஒலிப்பதிவைக் கொடுத்து நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பணம் கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். வந்ததை நீங்கள் கண்ணால் படிக்க வேண்டாம். உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிப்பவர் நடுவில் நிறுத்தி, "இது நீங்கள் சொல்கிற மாதிரி இல்லையே" என்றால் அந்த ஆள் வேண்டாம். என்னை எழுத அமர்த்தியவர்களில் ஒருவர் இப்படித்தான் தம் மனைவியைப் படிக்கச் சொன்னார். இரண்டாம் பத்தியில் அந்த அம்மா, "இவர் என்றைக்கு 'எனினும்' என்று பேசினார்?" என்று கேட்டார். அந்தப் புத்தகம் முழுவதிலும் "எனினும்" ஒரு இடத்தில்கூட இல்லை.

பணத்தை நான்காகப் பிரியுங்கள். கையெழுத்திடும்போது கால் பங்கு, பாதிப் பிரதி வந்ததும் கால், முழுப் பிரதிக்குக் கால், திருத்தம் முடிந்து உரிமைத்தாளும் ஒலிப்பதிவுகளும் கைக்கு வந்ததும் மிச்சம். எத்தனை முறை திருத்தித் தருவார் என்பதையும் எண்ணிக்கையாக எழுதுங்கள். இரண்டு முறை நியாயம். நடுவில் உங்களில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் அதுவரை எழுதியது யாருக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒலிப்பதிவுகள் எப்போதும் உங்கள் குடும்பத்திடம் ஒரு பிரதி இருக்கட்டும். புத்தகம் வராமலே போனாலும் தாத்தாவின் குரல் வீட்டில் இருக்கும்.

நெய்வேலிக்காரர் எழுதத் தொடங்கிவிட்டார். மருத்துவர் இரண்டு பேரின் மாதிரிப் பக்கங்களுக்காக இன்னும் காத்திருக்கிறார். சொல்தா வீட்டு மருமகள் வழி 2ஐத் தேர்ந்தெடுத்து என்னையே கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அமர்வு. பெரியவருக்குக் காலை நேரத்தில்தான் பேச்சு நன்றாக வருமாம். பதிவில் இரைச்சல் விழாமல் இருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும், பழைய படப் பெட்டியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.